ரைமோ ஊற்றிய ஓர் அகப்பைத் தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பூஞ்சை பிடித்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. சுவருக்குள் என்னவோ கறுப்பாக வளர்கிறதாம், அதை மூச்சில் இழுத்தால் தலைவலி வருமாம். நகராட்சி ஆட்கள் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், கட்டடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஹர்யுவெசி மேல்நிலைப் பள்ளி, மைதானத்தில் வரிசையாக இறக்கி வைத்த தகரப் பெட்டிகளில் நடக்கிறது. சரித்திரம் சொல்லிக் கொடுக்கப் பெட்டி போதும். மொழிப்பாடத்துக்கும் போதும். வேதியியலுக்கு? எரிவாயு கிடையாது, அடுப்பு கிடையாது, புகைபோக்கி கிடையாது. தண்ணீர்க் குழாய் மட்டும் உண்டு. அதுவும் ஜனவரியில் உறைந்துபோனது.

நான் ஹில்க்கா. அந்தப் பெட்டியில் வேதியியல் நடத்துகிறவள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊரில் பேச்சு. இருக்கிறதுதான். பன்சன் அடுப்புகளைப் பூஞ்சைக்குத் தாரை வார்த்துவிட்டு வந்தவளுக்கு வேறு எங்கே இருக்கும்?

பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆசிரியர்களின் காப்பிப் பெட்டியில் வைத்து ரைமோ என் தலையில் கல்லைப் போட்டான். ரைமோ எங்கள் தலைமையாசிரியர், சரித்திரக்காரன். நானும் அவனும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். அதனால் அவனை முகத்துக்கு நேரே திட்டுகிற உரிமை இந்தப் பள்ளியில் எனக்கு மட்டும்தான் உண்டு.

"பத்து பேர் வேணும் ஹில்க்கா," என்றான், காப்பியைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த வருஷ வேதியியலுக்குப் பத்து பேர் சேரலைன்னா, நகரத்து டீச்சர் திரையில வந்து நடத்துவாங்க. கவுன்சில்ல முடிவு பண்ணிட்டாங்க."

"இப்ப எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?"

"ஏழு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு கம்ப்யூட்டர்ல பதிவு மூடிரும்."

"அப்புறம் நான் என்ன பண்றதாம்?"

"நடுநிலைப் பள்ளியில சுகாதாரப் பாடம் காலியா இருக்கு. பல்லு, நகம், தூக்கம், அந்த மாதிரி..." என்று இழுத்தான். இழுத்துவிட்டு ஒரு இலவங்கப்பட்டை ரொட்டியை முழுசாக வாயில் திணித்துக்கொண்டான். இனி பேச முடியாது பார் என்று அர்த்தம்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைப்பானேன்? திரையில் வரும் அந்த டீச்சரை நான் பார்த்திருக்கிறேன். பாதி வாக்கியத்தில் முகம் உறைந்துவிடும், குரல் மட்டும் எங்கோ கிணற்றிலிருந்து வரும். மயில்துத்தம் என்ற அழகான நீலப் படிகத்தை அந்தப் பெண் திரையில் தூக்கிக் காட்டினால் அது சாம்பல் நிறத்தில் தெரியும். என் பிள்ளைகள் அதையா பார்க்க வேண்டும்? அதே நேரத்தில் நான் பத்து மைல் தள்ளி எங்கேயோ உட்கார்ந்து, பதின்மூன்று வயதுக் குரங்குகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

பிள்ளைகள் ஏன் சேரவில்லை என்று எனக்குத் தெரியும். மோல். துகள்களை எண்ணுகிற வேதியியல் அளவு. எல்லாரும் அங்கேதான் இடறி விழுகிறார்கள். சதவீதம் வரை சிரித்துக்கொண்டே வருவார்கள். எந்தச் சேர்மத்தில் எந்தத் தனிமம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டால் கடகடவென்று போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் மோல் என்று பலகையில் எழுதினால் அத்தனை முகமும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ளும்.

இந்த வருடம் கதவைச் சாத்தியதோடு நில்லாமல் உள்ளே தாழ்ப்பாளும் போட்டவள் கெர்த்து. பதினாறு வயது, கத்தரி நாக்கு. வகுப்பில் பாதிப் பேர் அவள் புருவம் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

மறுநாள் வகுப்பில் நான் மோல் என்று எழுதியதும் ஆரம்பித்தாள். "ஆறு போட்டு, பின்னால இருபத்திமூணு இடம் தள்ளிப் போற நம்பர். இதை எவன் டீச்சர் உட்கார்ந்து எண்ணினான்?"

"யாரும் எண்ணலை. எண்ண முடியாததாலதான் எடை போடுறோம். ஒரு மோல் தண்ணி பதினெட்டு கிராம். அந்தப் பதினெட்டு கிராமுக்குள்ள அத்தனை தண்ணித் துகள் இருக்கு."

"முட்டைக்கு டஜன் மாதிரியா?"

ஆமாம், அதே மாதிரிதான். ஆனால் முட்டை உதாரணம் சொல்வதில்லை என்று நான் பல வருடங்களுக்கு முன்பே சபதம் எடுத்தவள். ஆமாம் என்று சொல்லத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. பேசாமல் ஒரு கண்ணாடிக் குவளையில் சரியாகப் பதினெட்டு கிராம் தண்ணீரை அளந்து மேசையில் வைத்தேன். "இந்தா, ஒரு மோல். நல்லாப் பாத்துக்கோங்க."

முன்வரிசையில் ஓட்ஸோ உட்கார்ந்திருந்தான். ஐஸ் ஹாக்கியில் கோல் காக்கிறவன், பீரோ மாதிரி உடம்பு, பூனைக்குட்டி மனசு. குவளையை எடுத்தான், ஒரே மடக்கில் குடித்தான், திரும்ப வைத்தான்.

"ஒரு மோல் பத்தலை டீச்சர்," என்றான்.

ஆய்வுக்கூடத்தில் எதையும் குடிக்கக் கூடாது என்று நான் கத்தி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் கெர்த்து அடுத்த குண்டைப் போட்டாள்.

"சதவீதமே போதுமே டீச்சர். மயில்துத்தத்துல தண்ணி முப்பத்தாறு சதவீதம். சரி, தெரிஞ்சாச்சு. வெண்ணெய் டப்பாவுல கொழுப்பு எத்தனை சதவீதம்னு போட்டிருக்கான். எத்தனை மோல்னு எவனாவது போட்டிருக்கானா? சதவீதம் சொல்லாத எதை இந்த மோல் சொல்லிரப் போகுது? அதை மட்டும் காட்டுங்க. நாளைக்கே சேர்றேன்."

நான் வாயால் சொன்னேன். பலகையில் எழுதினேன். அவள் புருவம் இறங்கவே இல்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கையில் கொடுத்துத்தான் காட்ட வேண்டும். நீலப் படிகத்தை நன்றாகச் சுட வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகப் போய், வெள்ளைப் பொடியாக நிற்கும். முன்னும் பின்னும் எடை போட்டால் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மோல் கணக்குப் போட்டால் அதிலிருக்கும் ஒவ்வொரு செம்பு அணுவுக்கும் ஐந்து தண்ணீர்த் துகள் என்று முழு எண்ணாக வந்து நிற்கும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு இருநூறு டிகிரிக்கு மேலே சூடு வேண்டுமே! தகரப் பெட்டியில் எங்கே போவது?

அன்று மாலை வீட்டில் சவுனாவில், சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற மர அறையில், உட்கார்ந்து ரைமோவை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பின் மேலிருந்த கற்களைப் பார்த்தேன். அறை என்னவோ எண்பது டிகிரிதான். அந்தக் கற்கள்? முந்நூறைத் தொடும்!

எழுந்து துண்டைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடிப்போய் விளையாட்டரங்கக் காவலாளிக்கு போன் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு என் வகுப்பு விளையாட்டரங்கத்துச் சவுனாவில் கூடியது. உடை மாற்றும் அறைதான் வகுப்பறை. ஆளுக்கு ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம், அதில் மயில்துத்தம் சரியாக இரண்டரை கிராம். அந்த எடையைக் காலையிலேயே பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். இரண்டரை என்பதில் என் சூது ஒன்று உண்டு. மயில்துத்தம் ஒரு மோல் என்றால் இருநூற்றைம்பது கிராம். இரண்டரை கிராம் அதில் நூறில் ஒரு பங்கு. கணக்கு வழுக்கிக்கொண்டு போகும், யாரும் இடற மாட்டார்கள்.

கிண்ணங்களைக் கற்களுக்கு நடுவே பதித்து வைத்தோம். பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். கண்ணாடி போடு, கையுறை போடு, தொடாதே, நக்காதே, முகராதே என்று ஐந்து கட்டளையைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். கல்லில் தண்ணீர் ஊற்றாதே என்று எழுதத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முக்கால் மணி நேரத்தில் நீலம் வெளுத்தது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து, நடுவுக்கு வந்து, கடைசியில் கிண்ணம் கிண்ணமாக வெள்ளைப் பொடி. பிள்ளைகள் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். கெர்த்துவும்தான். நான் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று மூக்கை எடுத்துக்கொண்டாள்.

"பரவாயில்லை, அழகாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இதுவும் சதவீதம்தானே?"

"பொறு."

சுடச்சுட எடை போடக் கூடாது. தராசு பொய் சொல்லும். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, கிண்ணங்களை இடுக்கியால் எடுத்து ஆறுவதற்காக உட்காரும் படிப்பலகைகளில் வரிசையாக வைத்தோம். மேல் பலகையில் பாதி, கதவோரம் கீழ்ப் பலகையில் பாதி. பிறகு நான் தராசை எடுத்து வரப் பெட்டிக்குப் போனேன். அதைக் குளிரில் விட்டால் எண்கள் துள்ளும் என்று கம்பளியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துப் பனியில் மெதுவாக நடந்து வந்தேன்.

நான் உள்ளே காலெடுத்து வைக்கவும் அந்தச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

இந்த நாட்டில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. சுட்ட கல்லில் தண்ணீர் விழுகிறது. பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் இருந்தார்கள், அத்தனை பேரும். பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி பளபளப்பான கறுப்புக் காலணி. ஆணியில் ஒரு கோட்டு, ஒரு கழுத்துப்பட்டை.

"உள்ள யாரு?"

"ரைமோ சார்," என்றான் ஓட்ஸோ. "உங்களைத் தேடி வந்தார். இல்லைன்னோம். உள்ள பாக்கறேன்னு போனார்."

"ஏண்டா தடுக்கலை?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "சவுனாவுக்குள்ள போறவரை எப்படி டீச்சர் தடுக்கிறது?"

கதவைத் திறந்தேன். வெந்நீராவி முகத்தில் அறைந்தது. அதற்கு நடுவில் வெள்ளைச் சட்டையும் கால்சராயுமாக, மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கீழ்ப் பலகையில் இருபுறமும் கிண்ணங்கள் சூழ, ரைமோ கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். கையில் அகப்பை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ரைமோ! என்ன காரியம் பண்ணித் தொலைச்சே?"

கண்ணைத் திறந்தான். "ஒண்ணும் பண்ணலையே. ஒரே ஒரு அகப்பைதான்."

"எதுக்கு?"

நிஜமாகவே யோசித்தான், பாவம். கிண்ணங்களைப் பார்த்தான், கற்களைப் பார்த்தான், கையிலிருந்த அகப்பையைப் பார்த்தான்.

"வாளியில தண்ணி இருந்துதே," என்றான்.

நான் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்ட ஆரம்பித்தேன். நடுவில் கெர்த்துவின் குரல் பின்னாலிருந்து, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தது.

"டீச்சர், வாளியை நிரப்பி வெச்சது யாரு?"

நான்தான். காலையில் முதல் வேலையாக அதைத்தான் செய்திருந்தேன். மூளை அதில் சம்பந்தப்படவே இல்லை. அடுப்பைப் போட்டால் கை தானாக வாளியை நிரப்பும், அகப்பையை அதில் போடும். நான்கு வயதிலிருந்து அப்படித்தான். தண்ணீரைத் துரத்துவதற்கென்றே ஒரு சவுனாவைச் சூடேற்றி, அதற்குள் வாளி நிறையத் தண்ணீரும் வைத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். ஊற்றாதே என்று கதவில் எழுதாததற்கும் அதே காரணம்தான். அப்படி ஒரு வாக்கியம் எங்கள் மொழியில் இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

கிண்ணங்களை வெளியே எடுத்து வந்தோம். வெள்ளைப் பொடியெல்லாம் வெளிறிய நீலமாகத் திரும்பியிருந்தது. சிலதில் கொஞ்சம், சிலதில் அதிகம். ஐந்து தண்ணீர் இல்லை, பூஜ்யமும் இல்லை, ரெண்டுங்கெட்டான். திரும்பச் சுட வைக்க நேரம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பல், நகம், தூக்கம் என்று மனசு பாட ஆரம்பித்தது. அழுகை வந்தது. மூக்கைச் சிந்தி அதைச் சமாளித்தேன்.

ரைமோ எதிரில் நின்றான், சட்டை முதுகோடு ஒட்டி. "நான் ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன்," என்றான் தரையைப் பார்த்து. "இன்னும் ஏழுதான். மூணு மணிக்கு நகரத்துக்கு போன் பண்ணணும்."

தராசு பீப் என்றது. திரும்பிப் பார்த்தால், கெர்த்து தன் கிண்ணத்தைத் தட்டில் வைத்திருந்தாள்.

"என்ன பண்றே?"

"எடை போடறேன். சும்மா உட்கார்றதுக்கு எதையாவது பண்ணலாமே." கிண்ணத்தின் எடையைக் கழித்தாள். "ரெண்டு புள்ளி சைபர் ஒன்பது. காய்ஞ்சு போயிருந்தா ஒண்ணு புள்ளி ஆறுதானே இருக்கணும்? அப்ப மீதி சைபர் புள்ளி நாலு ஒன்பது கிராமும் ரைமோ சாரோட தண்ணி."

"என்னோடதா?" என்றான் ரைமோ, கொஞ்சம் ஆர்வமாக.

"உங்களோடதுதான் சார். இருபத்திமூணு சதவீதம்." சவுனாக் கதவு திறந்து கிடந்ததால் அறைக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அதில் விரலால் இருபத்திமூன்று என்று எழுதினாள். "ஓட்ஸோ, உன்னோடது?"

ஓட்ஸோவின் கிண்ணம் மேல் பலகையில், அதிகச் சூட்டில் இருந்தது. சைபர் புள்ளி இரண்டு கிராம் தண்ணீர். பதினொன்று சதவீதம். இன்னொருத்தி இருபத்திநான்கு, மற்றொருவன் பத்து. கண்ணாடியில் எண்கள் வரிசையாக ஏறின. கெர்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தாள்.

"பத்து, பதினொண்ணு, இருபத்திமூணு, இருபத்திநாலு. இதுல ஒரு மண்ணும் தெரியலை."

எனக்குள் என்னவோ எழுந்து உட்கார்ந்தது. எழுந்து நிற்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னேன். "இப்ப அதை எண்ணு."

"எதை?"

"தண்ணியை. உன் கிண்ணத்துல செம்பு நூறில் ஒரு மோல் இருக்கு. நூறில் ஒரு மோல் தண்ணியோட எடை என்ன?"

"சைபர் புள்ளி ஒண்ணு எட்டு." யோசிக்கவே இல்லை அவள். "அப்ப ஒவ்வொரு சைபர் புள்ளி ஒண்ணு எட்டும்... ஒரு செம்புக்கு ஒரு தண்ணி." விரல் கண்ணாடியில் வேகமாக ஓடியது. "எனக்கு ரெண்டு புள்ளி ஏழு. ஓட்ஸோவுக்கு ஒண்ணு புள்ளி ஒண்ணு. அவளுக்கு ரெண்டு புள்ளி எட்டு. அவனுக்கு ஒண்ணு." விரல் நின்றது. "டீச்சர். மேல் பலகைக்காரங்க எல்லாம் ஒண்ணு. கீழ்ப் பலகைக்காரங்க எல்லாம் மூணு. ஏறக்குறைய."

"ஆமாம். மயில்துத்தம் ஒண்ணுல நிக்கும், மூணுல நிக்கும், அஞ்சுல நிக்கும். நடுவுல நிக்காது."

"ரெண்டுல?"

"கிடையாது."

"நாலுல?"

"பேச்சே இல்லை."

ஒரு கிண்ணம் மட்டும் இரண்டு காட்டியது உண்மைதான். அது அடுத்த வருடம் ஸ்பானிய மொழி எடுக்கப்போகிற பையனுடையது. அதில் தும்மிவிட்டதாக அவனே ஒப்புக்கொண்டான்.

கெர்த்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் இறங்கியிருந்தது. அப்படி ஒரு முகத்தைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

"சதவீதம் இதைச் சொல்லவே இல்லையே," என்றாள் மெதுவாக. பிறகு சட்டென்று திரும்பினாள். "ஏன் ரெண்டு கிடையாது?"

"அது அடுத்த வருஷப் பாடம்."

"டீச்சர்!"

"அடுத்த வருஷம்."

"இது பச்சை மோசடி," என்றாள். ஆனால் போன் அவள் கைக்கு வந்துவிட்டது. பதிவுப் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினாள், திரும்பப் பையில் போட்டாள். ஓட்ஸோவும் போனை எடுத்தான். "இவ போனா நானும் போறேன். இல்லைன்னா எனக்குக் கணக்கு யார் போடுவா?"

இதற்கிடையில் ரைமோ கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஈரத் தலையோடு அந்த எண்களை ரசித்துக்கொண்டிருந்தான். பள்ளி நாட்களில் மோலில் தோற்று அழுதவன் என்று அவன் மனைவி ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"அப்போ நான் ஊத்தினது செம்புக்கு மூணு," என்றான். "ஒவ்வொண்ணுக்கும் மூணு மூணா!"

"ரெண்டு புள்ளி ஏழு சார்," என்றாள் கெர்த்து.

"மூணுதான்னு ஹில்க்கா சொன்னாளே. எவ்வளவு பிழை?"

"பத்து சதவீதம்," என்றேன். "பள்ளிக்கூட ஆய்வுல அது சகஜம்."

"பத்து சதவீதமெல்லாம் ஒரு பிழையா?" ரைமோ கையை வீசினான், ஒரு சாம்ராஜ்யத்தையே மன்னித்துவிடுகிற தோரணையில். "மூணுன்னு எழுது. நான் சொல்றேன்."

கெர்த்து அவனை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன், அப்போது ஒன்றும் புரியவில்லை.

மூன்று மணி ஆயிற்று. ரைமோ கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டு போனில் பட்டியலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தோள் இறங்கியது.

"ஒன்பது," என்றான். "ஹில்க்கா, பத்து வேணும். நான் என்ன பண்ணட்டும், இது என் சட்டம் இல்லை."

வகுப்பைப் பார்த்தேன். ஸ்பானிய மொழிப் பையன் கூரையைப் பார்த்தான். மற்றவர்கள் கையுறைகளை உருவத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் வேறு மூடிவிட்டது. ஒன்று, ஒரே ஒன்று குறைகிறது. நான் அவனைத் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை.

"சரி ரைமோ," என்றேன். "போனைப் போடு."

"சார்," என்றாள் கெர்த்து. "ஒரு கணக்கு. ரெண்டு புள்ளி ஏழு, மூணுல எத்தனை சதவீதம்?"

ரைமோ யோசித்தான். "தொண்ணூறு."

"ஒன்பது, பத்துல?"

ரைமோ போனைக் கீழே இறக்கினான்.

"அது... இது வேற. இது ஆளுங்க!"

"பத்து சதவீதமெல்லாம் ஒரு பிழையான்னு நீங்கதானே சார் கேட்டீங்க? எழுதச் சொன்னீங்க. நாங்களும் எழுதிட்டோம்." கண்ணாடியைக் காட்டினாள். ஆவி வழிந்து மற்ற எண்கள் எல்லாம் கரைந்துகொண்டிருந்தன. மூன்று என்பதை மட்டும் அவள் மறுபடி அழுத்தி எழுதியிருந்தாள்.

"உங்க தண்ணிக்கு ஒரு நியாயம், எங்க டீச்சருக்கு ஒரு நியாயமா சார்?" என்றான் ஓட்ஸோ. அவன் வருத்தமாகத்தான் கேட்டான். அதுதான் ரைமோவைச் சாய்த்தது என்று நினைக்கிறேன்.

ரைமோ என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். அவன் போனைக் காதில் வைத்தான்.

"ஆமா, ஹர்யுவெசி. வேதியியல் விஷயமாத்தான். எத்தனை பேரா?" தொண்டையைச் செருமினான். நெற்றியிலிருந்து ஒரு துளி மூக்கு வழியாக இறங்கியது. "பத்து... அளவுப் பிழைக்கு உட்பட்டு."

அந்தப் பக்கம் நெடுநேரம் மௌனம். எங்கள் ஊர்க்காரர்கள் போனில் மௌனமாக இருந்தால் சம்மதம் என்றும் இருக்கலாம், காப்பி குடிக்கிறார்கள் என்றும் இருக்கலாம். பிறகு ரைமோ, "சரி, நல்லது," என்று சொல்லி வைத்தான்.

பிள்ளைகள் கத்தியதில் தராசு எண்ணைத் தொலைத்துவிட்டது. நான் கெர்த்துவைக் கட்டிக்கொள்ளவில்லை. இங்கே அதெல்லாம் வழக்கமில்லை. அவள் கையுறையை வாங்கிக் குப்பையில் போட்டேன், அவ்வளவுதான். அவளுக்குப் புரிந்தது. கடைசித் தசமத்தில் ஒரு எண் தவறினால் அரை மதிப்பெண் வெட்டுகிறவள் நான். எவ்வளவு கெஞ்சினாலும் இரங்கியதில்லை. அன்று அந்த அநியாயத் தோராயத்துக்கு மனசுக்குள் முழு மதிப்பெண் போட்டேன்.

"கிண்ணத்தையெல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டான் ரைமோ, பிள்ளைகள் போன பிறகு.

"எடுத்தாச்சு. பலகையையும் துடைச்சாச்சு. ஏன்?"

"சூடு வீணாப் போகுதே," என்று முணுமுணுத்துக்கொண்டே கழுத்துப்பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் தராசைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தச் சத்தம் மறுபடி எழுந்தது. ஓர் அகப்பைக்கு நூற்றெண்பது கிராம் பிடிக்கும். பத்து மோல். ஒன்பதாகவும் இருக்கலாம், நான் எடை போடவில்லை.